சைலஸ் புதைத்த வாத்துகள்

வடக்கே குளிர்நாட்டு ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் சைலஸ் ஹூக்கிமாவைவிடக் குறி தப்பாமல் சுடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் அடிபட்ட வாத்தைத் தப்பவிடாதவர் அவர் ஒருவர்தான். காயத்தோடு பறந்துபோய்ச் சேற்றில் கிடந்து சாகும் காட்டு வாத்து தன் கூட்டத்திடம் முறையிடும், கூட்டம் மறு வருஷம் வராது என்று மனதார நம்புகிறவர். சுட்டால் விழுந்த இடத்திலேயே உயிர் போக வேண்டும். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

தோட்டாவில் அடைக்கும் ஈய ரவைக்குத் தடை வந்த வருஷம் கடைக்கார ஆம்ப்ரோஸ் சொன்னான்: "சைலஸ் அண்ணே, இனிமே இரும்பு ரவைதான். சட்டம்."

"சட்டம் போட்டவன் ஒரு வாத்தாவது சுட்டிருப்பானா? இரும்பு லேசுடா. தோலோட நின்னுடும். வாத்து மூணு நாள் துடிச்சுச் சாகும். அந்தப் பாவம் யாருக்கு? எங்கப்பா துப்பாக்கியும் இரும்பைத் தாங்காது, குழாய் வீங்கிடும்."

"அப்ப பிஸ்மத்னு வேற உலோக ரவை இருக்கே. கிட்டத்தட்ட ஈயத்தோட கனம், பழைய துப்பாக்கிக்கும் சேரும். விமானத்துல வரணும். சொல்லி வைக்கட்டுமா?"

"ஈயத்துல அடிச்ச வாத்தைத் தின்னுதான் நீ இவ்வளவு வாய் வளத்திருக்க. போடா."

கடையே சிரித்தது. சைலஸின் கொட்டகையில் ஏழெட்டு வசந்தத்துக்குப் போதுமான ஈயத் தோட்டா இருந்தது. பிஸ்மத் பேச்சு அன்றோடு முடிந்தது.

பேத்தி லொரெட்டாவுக்குப் பல் முளைக்கும் முன்பே வாத்துச் சூப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்தவர் அவர். நாலரை வயதாகியும் அவளுக்கு எட்டுச் சொற்கள்தான் வரும். தாமதமாகப் பேசும் குழந்தைகள் ஊரில் இல்லையா என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்த எட்டில் ஒன்று 'நிஸ்கா'. அவர்கள் பேசும் கிரீ மொழியில் காட்டு வாத்து.

இந்த மே மாதம், வேட்டை முடிந்த வாரம், லொரெட்டாவுக்கு வயிற்று வலி. விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பினார்கள். எக்ஸ்ரே படத்தை ஊர் நர்ஸ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். குடல்வாலில் பதினோரு வெள்ளைப் புள்ளிகள்.

"என்னோட ரவைதான்," என்றார் சைலஸ். அளவைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

"ரத்தத்துலயும் ஈயம் ரொம்ப இருக்கு, பெரியவரே. ரவையைப் பொறுக்கி எடுத்தாலும் உடைஞ்ச தூள் கறியிலயே தங்கிடும்."

"அவ பேசாததுக்கு இதான் காரணமா?"

"ஆமான்னு சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது."

நர்ஸ் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. வீட்டுக்கு வந்ததும் லொரெட்டாவின் அம்மா, அவர் மகள் பெர்னடெட், உறைபெட்டியைத் திறந்தாள்.

"இதுல எத்தனை இருக்குப்பா?"

"முப்பத்தொண்ணு."

"என் பிள்ளைக்கு இனி ஒண்ணுகூட வேணாம்."

வாத்தை வீணாக்குவதைப் போல அவமரியாதை சைலஸுக்குத் தெரிந்து வேறில்லை. எலும்பைக்கூட மரியாதைக்காக மரத்தில் கட்டித் தொங்கவிடுகிற மனிதர். இவற்றைத் தொங்கவிட்டால் காக்கையும் கழுகும் தின்றுவிட்டுச் சாகும். அடுத்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது. எனவே வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார். ஒரு சாணுக்குக் கீழே மண் இன்னும் பனியாக உறைந்திருந்தது. கடப்பாரையால் இடித்து இடித்து இரண்டு பகல் தோண்டினார். கை கொப்பளித்து உடைந்ததை யாரிடமும் காட்டவில்லை.

கடைசி வாத்தை எடுத்து வரும்போது லொரெட்டா வாசலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் நீட்டினாள்.

"நிஸ்கா."

அந்தச் சொல்லுக்கு இதுவரை அவர் மறுத்ததே இல்லை. சொன்ன மாத்திரத்தில் நெஞ்சுக் கறியில் ஒரு துண்டு பிய்த்து ஊட்டியிருக்கிறார்.

"வேணாம்டா கண்ணு."

அவளுக்குப் புரியவில்லை. தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்தாள் போல. நிறுத்தி, தெளிவாக, மறுபடி சொன்னாள். சைலஸ் வாத்தைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார். அவர் தள்ளி முடிக்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.