அம்மாவுக்குப் பூக் கேட்ட நாள்

சாமியே கிடையாது என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னவள் நான்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சொன்னேன். அப்பா ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியை நிறுத்தாமலே, "இல்லாட்டிப் போகுது, நீ சாப்புட்டியா அம்மணி?" என்று கேட்டார். அதன்பிறகு முப்பது வருஷம் அவரோடு வாதாடியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. நான் கணபதி என்கிற ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நிரூபணம் இல்லாத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பிடிவாதம் வேலையால் வந்ததில்லை, பிறவிக் குணம் என்பாள் அம்மா.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவோ சோமனூர் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி, "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டு அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணம், கிணறு, புது வீடு, எதற்கும் எங்கள் பக்கம் பூக் கேட்பார்கள். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் வித்தியாசம் தெரியாமல் மடித்துக் குலதெய்வத்தின் காலடியில் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சிவப்பு வந்தா செத்துப்போறீங்களா?" என்று கத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் அதற்குமேல் பேச்சில்லை.

மறுநாள் காலை அப்பாவும் நானும் கோயிலுக்குப் போனோம். தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கோயில். பூசாரியைப் பொட்டலம் கட்டச் சொல்வார் என்று நினைத்தேன். அப்பா இரண்டு பூவையும் காகிதத்தையும் என் கையில் கொடுத்தார்.

"நீ கட்டு அம்மணி. எங்களுக்கெல்லாம் ஆசை இருக்குது, கை எதையாச்சும் செஞ்சுபோடும். உனக்குத்தான் இதுல ஒண்ணுமில்லையே."

நம்பிக்கை இல்லாதவள் நியாயமாக நடந்துகொள்வாள் என்று என்னை நம்பினார். கோயிலுக்குப் பின்னால் போனேன். அங்கே நந்தியாவட்டைச் செடி நின்றது. இன்னொரு வெள்ளைப் பூவைப் பறித்தேன். அப்பா கொடுத்த சிவப்பு அரளியைக் கசக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்து ஒரே அளவாக மடித்தேன்.

அப்பாதான் எடுத்தார். பிரித்துப் பார்த்ததும் அந்த இடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. என் நல்ல காலம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சிரித்த முகமாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸுகளிடமெல்லாம், "சாமி உத்தரவு குடுத்திருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நான்தான் அழுதேன். "என்ன கண்ணு, நீயே பயந்துக்கிட்டா எப்படி?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நாலாம் நாள் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. ஆறாம் நாள் அம்மா இல்லை.

ஒழுங்காகக் கட்டியிருந்தால் சிவப்பு வந்திருக்குமா? இந்தக் கேள்விக்கு அர்த்தமே கிடையாது என்று எனக்குத் தெரியும். வந்திருந்தாலும் அது வெறும் தற்செயல். ஆபரேஷன் செய்யாமல் விட்டிருந்தாலும் அவள் அதிக நாள் இருந்திருக்க மாட்டாள். கரும்பலகையில் எழுதி நிரூபித்துக்கூடக் காட்டுவேன். ஆனாலும் நிகழ்தகவுப் பாடம் நடத்தும் நாட்களில், பையிலிருந்து சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் எடுக்கும் கணக்கு வரும்போது, சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறேன். பிள்ளைகளிடம் நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அப்போதெல்லாம் அம்மாவின் கை என் கைமேல் தட்டுகிறது. நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஆனால் தட்டுகிறது.

அதைவிட மோசம், அப்பா சாமி கும்பிடுவதை விட்டுவிட்டார். தறியை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட்டார். காலையில் குளித்ததும் திருநீறு பூசாத அந்த நெற்றியை என்னால் பார்க்க முடியவில்லை. வருஷா வருஷம் நடக்கும் கோயில் நோம்பிக்குக் கூப்பிட வந்த பங்காளிகளிடம், "நான் வரலீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முப்பது வருஷம் நான் எதற்காக வாதாடினேனோ அது நடந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"நீ அப்பவே சொன்னே, நாந்தான் கேக்கல. அங்க ஒண்ணுமில்ல அம்மணி. சாமி இருந்திருந்தா எங்கையில செவப்பத்தானே குடுத்திருக்கோணும்? எம்பது வயசு வரைக்கும் கும்புட்டவனக் கூப்புட்டு வச்சுப் பொய் சொல்லிப்போட்டுது."

கரண்டியைக் கீழே வைத்தேன். பூவை மாற்றியதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வைத்தேன். சொன்னால் அவருடைய சாமி அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். மகள் போய்விடுவாள். பரவாயில்லை, அவருக்கு அது போதும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"அப்பா, சாமி பொய் சொல்லலீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அம்மா போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பாரு, அது இப்ப உனக்குள்ள பூந்துக்கிச்சு! நீ போயிச் சாமிக்குப் பரிஞ்சு பேசறியே கண்ணு!"

நானும் சிரித்தேன். கீழே வைத்த கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.