தும்பையும் திருஷ்டிப் பூசணியும்

எங்கள் ஓனரம்மாவை எனக்குப் பிடிக்காது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்காக வாடகைக்கு இருப்பவர்களில் ஓனரைப் பிடித்தவர் யார் என்பீர்கள். அது வேறு, இது வேறு.

இந்தக் கோடையில் என் வாசலை ஒட்டி மாடிக்குக் கல்யாணப் பூசணிக் கொடி ஏற்றினாள். பூத்தது, பிஞ்சு மட்டும் கட்டைவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்தது. போதாதா? "ஷிஃப்ட்டுக்குப் போகசொல்லோ தெனமும் அண்ணாந்து பாத்துக்கினே போற. உன் கண்ணுதான் பட்டுடுச்சி" என்றாள், எல்லாக் குடித்தனமும் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்து.

"அக்கா, காம்பவுண்டு முழுக்க சிமெண்ட்டு. தேனீ வந்து ஒக்காந்தாதான் காய் புடிக்கும்" என்றேன்.

"வாய் வேற" என்று சொல்லிவிட்டு, என் வாசல் நிலைக்கு மேலே திருஷ்டிப் படிகாரத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டினாள்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண், குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தை என்னைக் கண்டதும் முந்தானையால் மூடினாள். அந்தக் குழந்தையைத் தினமும் தூக்கிக் கொஞ்சியவள் நான்.

என் கண்ணில் குற்றமில்லை என்று காட்டியே தீருவது என்று வைராக்கியம் வந்தது. முதல் மழை பெய்ததும் ரயில்வே லைன் ஓரத்துத் தும்பைச் செடிகளை வேர்மண்ணோடு கொண்டுவந்து, மோட்டார் ரூமுக்குப் பின்னால் சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் நட்டேன். ஓனரம்மா முறைத்தாள். சிவன் பூஜைக்கு என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. இத்தனை ஆலைப் புகையில் எங்கே ஒளிந்திருந்தனவோ, காலையில் தேனீக்கள் வந்து மொய்த்தன; அப்படியே பூசணிப் பூவுக்கும் ஏறின. பிஞ்சு நின்றது, பருத்தது. இனி யாரும் கிண்ணத்தை மூட மாட்டார்கள் என்று முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

"பாத்தியா, படிகாரம் கட்னதும் எப்டி காய் நின்னுகிச்சு!" என்றாள் ஓனரம்மா, என்னிடமே. முதல் காயை அறுத்து, முட்டைக் கண்ணும் தொங்கும் நாக்குமாக அரக்கன் முகம் எழுதி, என் வாசலைப் பார்க்கும்படி தொங்கவிட்டாள். என் தேனீக்கள் கொடுத்த காய் என்னையே முறைக்கிறது. அதோடு விட்டாளா? "ஈ கொட்டப்போவுது, இன்னாத்துக்கு இந்தக் களை?" என்று தும்பையை ஒன்றுவிடாமல் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இப்போது கொடியில் பிஞ்சுகள் மறுபடி மஞ்சளாகின்றன. நான் தேனீ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போகும்போது கொடியடியில் நின்று, ஒவ்வொரு பிஞ்சாக, நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.