அண்ணனின் ஐந்து கட்டை

அண்ணனுக்கு அறுபத்தைந்தாம் பிறந்தநாள், நீங்கள்தான் வாழ்த்துரை சொல்ல வேண்டும் என்று அவருடைய மகள் போனில் கேட்டாள். "அப்பாகூட ரொம்ப வருஷம் இருந்தவங்க நீங்கதான் ஆன்ட்டி. அஞ்சு நிமிஷம் பேசினா போதும்" என்றாள். பேச எனக்குப் பயமில்லை. திருவான்மியூரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். நாற்பது பிள்ளைகளைக் கத்தி அடக்குகிறவளுக்கு மேடை ஒரு பொருட்டா? அவள் அடுத்துக் கேட்டதுதான் கலக்கிவிட்டது.

"பேனர்ல 'அறுபத்தைந்திலும் அதே ஐந்து கட்டை'ன்னு போடலாம்னு இருக்கேன். அப்பா இன்னும் அதுலதானே பாடுறாரு?"

"ம்" என்றேன். அது பொய்.

அண்ணன் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் சுவிசேஷப் பாட்டுக் குழுவின் தலைவர். ஆதம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலிலிருந்து வேன் கிளம்பும். செங்கல்பட்டு, திண்டிவனம், ஆரணி என்று எந்தச் சபை கூப்பிட்டாலும் போவோம். அவர் பாட்டு, நான் கீபோர்டு, ஒருவர் தபேலா, இரண்டு பேர் கோரஸ். பாடுகிறவர் எவ்வளவு உயரத்தில் சுருதி வைத்துக்கொள்கிறார் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்களில் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு கட்டையில் பாடிவிட்டுப் போவார்கள். அண்ணன் ஐந்தில் நின்று பாடுவார். கரண்ட் போய் மைக் செத்துப்போன ஊரில்கூடக் கடைசி வரிசைவரை கேட்கும். அந்த ஐந்துதான் அவருக்குப் பட்டம், பதவி, சொத்து எல்லாம்.

அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குனிந்து, என் விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். காதைவிடக் கண்ணை நம்புகிற பாடகரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், சரணத்தின் உச்சியில் அவர் குரல் உடைந்தது. இருமி மழுப்பினார். திரும்பி வரும்போது வேன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைக் கீழ்நோக்கி ஒரு தடவை அழுத்தினேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் விரல் ஐந்து கட்டையிலேயே இருக்கும், சத்தம் மட்டும் அரைக் கட்டை இறங்கி வரும். அண்ணன் குனிந்து என் விரலைப் பார்த்தார். நிமிர்ந்து பாடினார். உச்சியைத் தொட்டார்.

"பாத்தியாமா, சளிதான். இப்ப சரியா கீது" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு அழுத்து. போன வருஷம் மூன்றாவது. கீபோர்டில் கழித்தல் மூன்று என்று சிவப்பாக எரியும். அது அவர் கண்ணில் படாமல் பாட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைப்பேன். நான்குக்கும் மூன்றுக்கும் நடுவில் அரைக் கட்டை கிடையாது; ஆக, உண்மையில் அண்ணன் இப்போது பாடுவது மூன்று கட்டை. புத்தகம் சரிந்துவிடுமோ, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அதைத் தொட்டுச் சரிசெய்வேன். கழித்தல் குறியைக் கண்டு பயப்படும் ஒரே கணக்கு டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

பொத்தான் எதற்கு, விரலாலேயே இறக்கி வாசித்தால் என்ன என்று கேட்கலாம். அண்ணன் பார்த்துவிடுவார் என்பது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து கட்டையைத் தவிர வேறெதிலும் எனக்கு விரல் போகாது. அவருக்கு வாசிப்பதற்காகவே பழகிய கை இது.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் மகள் மறுபடி கூப்பிட்டாள். "சண்டே உங்க கீபோர்டைத் தூக்கிட்டு வராதீங்க ஆன்ட்டி. எல்லாம் ஹால்லயே இருக்கு." ஏன் என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? உன் அப்பாவை ஆறு வருஷமாக ஏமாற்றுகிறேன் என்றா?

ஞாயிறு மதியம் மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். லஸ் பக்கம் வழியை அடைத்திருந்தார்கள். "மெட்ரோ தோண்டிக்கினு கீறாங்கமா, சுத்திதான் போணும்" என்றார் ஆட்டோக்காரர். சுற்றட்டும், இன்னும் சுற்றட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

ஹால் நிறைந்திருந்தது. எங்கெங்கோ நாங்கள் பாடப்போன ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள். மேடையில் பேனர், அதற்குக் கீழே சாட்டின் துணி மூடிய ஒரு நீளமான பொருள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. புதுக் கீபோர்டு.

என் வாழ்த்துரை எப்படியோ முடிந்தது. வெள்ளம் நின்ற தெருவில் என் கீபோர்டைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் அண்ணன் நடந்ததைச் சொன்னேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் தினம் மதியச் சாப்பாட்டோடு வந்து நின்றதைச் சொன்னேன். எல்லாம் உண்மை. சொல்லும்போதே கண் மட்டும் அந்தத் துணிமேல் இருந்தது.

துணியை எடுத்தார்கள். மகள், "குழுவுக்கு என் கிஃப்ட் அப்பா" என்றாள். அண்ணன் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு என் பக்கம் திரும்பினார்.

"மொதல் பாட்டு இப்பவே பாடிடலாம். அஞ்சு கட்டை வை."

உட்கார்ந்தேன். அந்தக் கீபோர்டில் பொத்தான்களே இல்லை. எல்லாம் தொடுதிரை. டிரான்ஸ்போஸைத் தேடி எதையோ தொட்டேன், டிஸ்கோ தாளம் அடிக்க ஆரம்பித்தது, ஜனம் சிரித்தது. அதை நிறுத்துவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணன் குனிந்து என் விரலைப் பார்த்தார், நிமிர்ந்தார், ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் வாசித்தேன், ஆறு வருஷத்துக்குப் பிறகு நிஜமான ஐந்து கட்டையில்.

பல்லவியை இழுத்துப்பிடித்துக் கடந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சரணத்தின் உச்சிக்குப் போனார், குரல் இரண்டாகக் கிழிந்து நின்றது. கோரஸும் நின்றது.

அண்ணன் தொண்டையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னாமா, கட்டைய ஏத்திட்டியா?"

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. நான் என் பக்கத்து மைக்கை இழுத்தேன். "ஆமாண்ணே. புதுக் கீபோர்டு, தெரியாம ஏத்தி வச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

ஹால் முழுக்க 'அடடா' என்று சிரித்தது. அண்ணன் மூச்சை விட்டார். மகள் உதவிக்கு ஓடிவந்து என் பக்கம் குனிந்து திரையைத் தட்டினாள். கை அப்படியே நின்றது. "ஏத்தவே இல்லையே ஆன்ட்டி, ஜீரோலதானே இருக்கு" என்றாள் மெதுவாக.

"மூணு இறக்கும்மா" என்றேன், அவள் காதுக்கு மட்டும்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். ஒவ்வொன்றாக மூன்று தடவை தொட்டாள்.

அண்ணன் குனிந்து விரலைப் பார்த்தார். பாடினார். உச்சியில் நின்று நிதானமாகக் கீழே இறங்கி வந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஏற்புரையில் என்னைக் கைகாட்டிச் சொன்னார்: "இத்தன வருஷத்துல இந்தத் தங்கச்சி கட்டைய மாத்தி வச்சது இன்னிக்கி ஒரு நாள்தான். மெஷின் புச்சு, அதுவும் இன்னா பண்ணும். நான் மன்னிச்சிட்டேன். நீங்களும் மனசுல வச்சிக்காதீங்க."

மறுபடி கைதட்டினார்கள். நான் எழுந்து கைகூப்பினேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. கூடவே, தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இன்னும் எவ்ளோ இறங்கும் ஆன்ட்டி?"

"கீபோர்டு பன்னெண்டு வரைக்கும் இறங்கும்மா" என்றேன்.

அவள் கேட்டது கீபோர்டை இல்லை என்று எனக்குத் தெரியும்.