பந்தி பரிமாறிப் படித்த படிப்பு

சமூகப் பணி என்பது அடுத்தவர் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்கிற படிப்பு. அதைப் படிக்கிறவன் கஷ்டத்தைக் கேட்க எந்தக் கல்லூரியிலும் ஆள் போடுவதில்லை. எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்துவிட்டு, "அது டாக்டர் படிப்பா, வக்கீல் படிப்பா?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் திருதிருவென்று முழித்த சகோதர சகோதரிகளே, நான் உங்கள் கட்சி. எனக்கு ஊர் புன்னக்காயல். அப்பா கடலுக்குப் போகிறவர். முதல் வருஷக் கட்டணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. இரண்டாம் வருஷத்துக்கு வீட்டில் அடகு வைக்க வேறொன்றும் இல்லை. பணம் கிடைக்காவிட்டால் படிப்பு பாதியில் நின்றுவிடும். அந்த வருஷம் நான் பட்ட பாடுதான் இது.

எந்தச் சமூகம்?

பாளையங்கோட்டையில் அறை தேடிப் போனேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர், நெற்றி நிறையத் திருநீறு. "தம்பி என்ன படிக்கீய?" என்றார். "சமூகப் பணி" என்றேன். சட்டென்று குரலைத் தாழ்த்தி, "எந்தச் சமூகத்துக்கு?" என்றார்.

நம்ம ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை விடாமல், "எல்லாச் சமூகத்துக்கும்தான் அண்ணாச்சி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ எலெக்‌ஷன்ல நிக்கப் போறீயளோ?"

சம்பளத்தோட

கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேனேஜர் தங்கமான மனிதர், டீ எல்லாம் வாங்கிக்கொடுத்தார். அப்பாவின் சம்பளச் சீட்டு கேட்டார். கடல் எந்த மாதம் யாருக்குச் சீட்டு கொடுத்திருக்கிறது? சரி, படித்து முடித்தால் என்ன வேலை என்றார். "ஏழைகளுக்கு உதவி செய்யுத வேலை சார்" என்று பெருமையாகச் சொன்னேன். கடன் கேட்கப் போன இடத்தில் எவனாவது அப்படிச் சொல்வானா? நான் சொன்னேன். அவர் என் காகிதங்களை மடித்துப் பைய என் கையிலேயே கொடுத்துவிட்டார். "கலெக்டருக்குப் படிங்க தம்பி. அதுவும் சமூக சேவைதான், சம்பளத்தோட."

களப்பணி

ஏரல் பக்கம் வாழைத்தோட்டக் கூலிக்காரர்கள் தெருவில் எங்களுக்குக் களப்பணி. எதிரில் இருப்பவர் மனம் திறந்து பேசும்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பாடம். நானும் ஒரு அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து, முகத்தில் கனிவை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மனம் திறந்து பேசிக்கொண்டிருந்தது நான்தான். சங்கிலி போனது, கடன் கிடைக்காதது, ஹாஸ்டல் உப்புமா எல்லாம் வந்துவிட்டது. அறை கிடைக்காததால்தானே ஹாஸ்டல்!

அந்த அக்கா உச்சுக் கொட்டிக் கேட்டாள். கருப்பட்டிக் காப்பி தந்தாள். கடைசியில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பீஸ் கட்டிட்டு வந்தா எங்க தெருவுல வேலை பாக்கே? ஏ ஐயா, தோட்டத்துக்கு வந்தா கூலியாவது தருவாவ. வாரியா?"

மறுவீட்டுச் சொதி

கூலிக்குத்தான் போனேன், தோட்டத்துக்கு அல்ல, பந்திக்கு. சமையல் கான்ட்ராக்டர் சண்முகம் அண்ணாச்சி முகூர்த்த நாட்களில் கல்லூரிப் பையன்களைப் பரிமாறக் கூட்டிப்போவார். முதல் நாளே டவுனில் ஒரு சைவ வீட்டு மறுவீடு. இலையெல்லாம் நிரம்பியாயிற்று. "சொதியில அடியில என்ன கெடக்குன்னு பாத்து அள்ளிப் போடுலே" என்றார் அண்ணாச்சி. எங்கள் ஊரில் சொதி என்றால் தேங்காய்ப்பாலில் மீன் கிடக்கும். வாளியைக் கரண்டியால் துழாவினேன். பீன்ஸ் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, முருங்கைக்காய்கூட வந்தது. உண்மையாகவே பதறிப்போய்ப் பந்தி நடுவில் நின்று கத்தினேன்: "அண்ணாச்சி, சொதியில மீனைக் காணும்!"

அத்தனை கைகளும் இலையில் அப்படியே நின்றன. மாப்பிள்ளையின் சித்தப்பா பாதி எழுந்தேவிட்டார். அண்ணாச்சி முகம் மட்டும் மாறவில்லை. சிரித்துக்கொண்டே பந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க. சொதி லைன்ல நிக்க வேண்டிய மீனாட்சிசுந்தரத்தத்தான் தேடுதான். நாங்க அவன மீனுன்னுதான் கூப்பிடுவோம்."

ஆடி

கட்டணத்துக்குக் கடைசித் தேதி ஆடி மாதத்தில் வந்து விழுந்தது. ஆடிக் காற்றில் அப்பாவுக்குக் கடல் இல்லை. ஆடி என்பதால் எனக்குக் கல்யாணம் இல்லை. அதுவரை சேர்த்ததும் பாதிக்குத்தான் வந்தது. பேரை அடித்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். காற்று அடங்கியதும் அப்பாவோடு கடலுக்குப் போவது என்று முடிவு செய்து, சொல்லிக்கொள்ள அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

அவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், மீதிப் பணத்தைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் திணித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதில் என்ன வெட்கம்? அவருக்குத்தான் அழுகிறவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏலே, மூக்கத் தொடை. ஆவணி முகூர்த்தம் பூரா நீ எனக்கு வந்து பரிமாறணும், அதுக்கு அட்வான்ஸு இது. படிப்பை விட்டேன்னு வையி, வட்டியோட வாங்கிருவேன்."

ஆக, அந்த ஆவணியில் திருநெல்வேலியில் தாலி கட்டிக்கொண்ட ஜோடிகள் எல்லாம் சேர்ந்துதான் என்னைப் படிக்கவைத்தார்கள், அதில் இரண்டு ஜோடி இப்போது குடும்ப ஆலோசனைக்கு என்னிடமே வருகிறார்கள்.