மீன்கள் மூச்சுக்குத் தவித்த காலை

பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக் கரையில் எங்கள் ஊர். ஆற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு ஊர்த் தொட்டிக்கு ஏற்றுவது என் வேலை. அந்த வருடம் மழை பொய்த்தது. இப்படியொரு வெயிலை நான் பார்த்ததே இல்லை. ஓட்டம் நின்ற ஆறு, பச்சைச் சாயம் கரைத்ததுபோல் பாசி பிடித்துக் கிடந்தது.

ஒருநாள் விடிந்ததும் ஆற்றில் கால் வைத்தேன். அந்த நேரத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நூற்றுக்கணக்கான வாய்கள், ஒரு சத்தமும் இல்லை. கொத்த ஒரு கொக்குகூட வரவில்லை.

கரையில் நின்ற மீன்கார அக்கா, "மோட்டாரப் போட்றாதீங்க தம்பி. தண்ணி கெட்டுப்போச்சுங்க, மீனு மூச்சுக்குத் தவிக்குது" என்றார்.

"தண்ணி வரலீன்னா ஊரே என்னையத்தான் வையுமுங்க" என்று சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

வீடு திரும்பியபோது தெருவெல்லாம் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி சொன்னாள்: "நல்லவேளைங்க, குடிக்க வேண்டாம்னு அந்த மீன்காரக்காகிட்ட சொல்லியுட்டீங்க. ஊடு ஊடாப் போயி, நீங்க சொன்னீங்கன்னு சொல்லுச்சு."

நான் யாரிடமும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

மாலைக்குள் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அந்த அக்காவின் பிழைப்பே அந்த மீன்கள்தான். ஊரார் எனக்கு நன்றி சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. இன்றும் அந்த நல்ல பெயர் எனக்குத்தான். அவர் எதிரே வந்தால் மட்டும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.