ஒரே விலை

நல்லம்பள்ளிக்குத் தெற்கே, கொட்டாய் என்று சொல்கிற வயலோரச் சின்னக் குடியிருப்பு ஒன்றில் இருந்த காசியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். கத்தமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாள். அவள் புருஷன் தீர்த்தகிரி, அந்தக் குரலைக் கேட்டால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற சாக்கில் எழுந்து போய்விடுவான்.

அவளுக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. ரெண்டு ஏக்கர் மானாவாரியில் கடலை போட்டு, களை வெட்டி, பிடுங்கி, காயவைத்து மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டுபோனால், மண்டிக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு விலை சொல்வார். "ஈரமா இருக்குது" என்று அதிலும் கழிப்பார். தீர்த்தகிரி தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வருவான்.

"நம்ம கடலைக்கும் அவன்தான் வெல சொல்றான். நாம வாங்கற துணிக்கும் கடக்காரனே சொல்றான். நாம எப்பத்தான் வாயத் தொறக்கறது?" என்பாள் காசியம்மாள்.

அதனால் வாங்கப் போகிற இடத்தில் அவள் வாயைத் திறந்தாள். சேலையோ, சீயக்காயோ, மண்வெட்டியோ, சொன்ன விலைக்கு ஒருநாளும் வாங்கியதில்லை. பாதி விலைக்குக் கேட்பாள். கடைக்காரர் சிரித்தால் அவளும் சிரிப்பாள். முறைத்தால் முறைப்பாள். விலை கட்டுப்படியாகாவிட்டால் படியிறங்கி நடப்பாள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

தருமபுரி தனி மாவட்டம் ஆனபின் ஊருக்குள் ஆபீசர்கள் குடும்பங்குடும்பமாக வந்து இறங்கினார்கள். கடைவீதியில் கடைகள் கண்ணாடி போட்டுக்கொண்டன. ராஜப்பன் என்பவருடைய பாத்திரக்கடையிலும் கண்ணாடி வந்தது. கூடவே கல்லாவுக்கு மேலே ஒரு பலகையும் வந்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாசம், மகள் நஞ்சம்மாளுக்குக் கல்யாணச் சீர் வாங்க மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனார்கள். ஒரு பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்த காசியம்மாள் கிலோ என்ன விலை என்று கேட்டாள். ராஜப்பன் சொன்னார். அவள் மூணு ரூபாய் குறைத்துக் கேட்டாள்.

"பலகையப் படிம்மா" என்றார் ராஜப்பன்.

நஞ்சம்மாள் அஞ்சாவது வரை படித்தவள். அம்மாவின் காதில் படித்துச் சொன்னாள்: "ஒரே விலை. பேரம் பேசாதீர்கள்."

"யாரு வந்தாலும் ஒரே வெலையாங்க?"

"கலெக்டரே வந்தாலும் இதான்."

காசியம்மாள் யோசித்தாள். எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால் சரி, அதில் அவமானம் ஒன்றுமில்லை என்று பட்டது. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்க்கப் போனாள். அப்போதுதான் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கி வந்தது யாரோ ஒரு ஆபீசர் வீட்டு அம்மா. ராஜப்பன் எழுந்து நின்றார். நாற்காலி வந்தது, சோடா வந்தது. அந்த அம்மா அதே மாதிரி அண்டா ஒன்றைக் காட்டினாள். விலைகூடக் கேட்கவில்லை. ராஜப்பனே, "உங்களுக்குன்னா கிலோவுக்கு நாலு ரூபா கொறச்சுப் போட்டுடறேனுங்க" என்றார்.

காசியம்மாள் முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

"ஏனுங்க, அந்தப் பலகைய இன்னொருக்காப் படிங்க" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. தீர்த்தகிரி வாசலைப் பார்த்தான்.

"அவங்க ஆபீசர் வூட்டம்மா."

"அவங்க கேக்காமலே நாலு ரூபா எறங்குது. நான் வாய் வலிக்கக் கேட்டாலும் எறங்க மாட்டேங்குது. அவங்களுக்குக் கொறச்சத என் தலையிலதானே ஏத்துறீங்க?"

கடையில் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் பேசியது அவ்வளவு மெல்லிய குரலில், நிறுத்தினால்தான் கேட்கும்.

ஆபீசரம்மாவுக்கு முகம் சிவந்தது. "என்னை எதுக்கு இதுல இழுக்கறே?" என்றாள்.

"உங்கள இழுக்கலீங்கம்மா. உங்களுக்குச் சொன்ன வெலையத்தான் இழுக்கறேன்."

ராஜப்பன் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "மண்சட்டி வாங்கற மூஞ்சிக்குப் பித்தள அண்டா கேக்குதா? எறங்கு கீழ!" என்று கத்தினார். வேலையாள் ஒருவன் வந்து அவள் கையில் எடுத்திருந்த அண்டா மூடியைப் பிடுங்கினான்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க முதலாளி, அவ வாய் அப்படி" என்றான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மகள் அழுதுகொண்டே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் காசியம்மாள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் திட்டுனான், அது ஒருபக்கம் கெடக்கட்டும். நீ எதுக்குக் கும்புட்ட?" அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் பக்கத்துக் கொட்டாய்களுக்கு நடந்தாள். அந்தத் தையில் பெரியம்மாள் வீட்டில் ஒரு கல்யாணம், சென்றாயன் வீட்டில் ஒரு கல்யாணம். "தனித்தனியாப் போனா நம்மள நாயாட்டம் வெரட்டுவானுங்க. மூணு வூட்டுச் சீரையும் ஒரே கடையில எடுக்கலாம். பேசறத நான் பேசறேன்" என்றாள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

இந்த முறை அவள் போனது சந்துக்குள் இருந்த ஒரு சின்னக் கடைக்கு. அன்வர் பாஷா இறந்தபின் அவர் மனைவி அஸ்கரி பேகமே தராசைப் பிடித்து நடத்திவந்த கடை அது. அங்கே பலகை எதுவும் இல்லை. காசியம்மாள் விலையைக் கேட்டுவிட்டு கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைத்தாள்.

"அஞ்சா?" பேகம் படிக்கல்லைத் தட்டில் ஓங்கி வைத்தாள். "மூணு கல்யாணம்னு சொல்லி என் தலையில துண்டு போட வந்தியா? என் வூட்டுல ஒல கொதிக்க வேணாமா?"

"கொதிக்கட்டும் பாயம்மா. என் மக சீர அடுப்புல வெச்சுத்தான் கொதிக்கணுமா?"

"எந்திரிச்சுப் போ!"

"போகமாட்டேன். நீ ஒரு ரூபா எறங்கு."

வெயில் ஏறுகிறவரைக்கும் நடந்தது. இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. நடுவில் பேகமே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் ரெண்டே கால் ரூபாய் குறைந்தது. அதற்குக் கீழே பேகம் அசையவில்லை.

வெளியே வந்ததும் பெரியம்மாள், "அந்த ஆபீசரம்மாவுக்கு இதவிடக் கம்மிதானே?" என்று கேட்டாள்.

"இருந்துட்டுப் போவுது" என்றாள் காசியம்மாள். "இவ என்னை ஒரு ஆளா மதிச்சு என்கூடச் சண்ட போட்டா. அவன் சண்டகூடப் போடல."

அதற்குப்பின் அந்தப் பக்கத்துக் கொட்டாய்களில் எந்தக் கல்யாணம் என்றாலும் காசியம்மாளைத்தான் கூட்டிப்போனார்கள். எல்லோரும் பேகத்தின் கடைக்கே போனார்கள். ரெண்டு வருஷம் கழித்து ராஜப்பன் ஆள் மூலம் சொல்லியனுப்பினார், வந்தால் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைப்பதாக. "கலெக்டர் வந்தா எவ்வளவுன்னு மொதல்ல கேட்டுட்டு வா" என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கோபம் அவளுக்குக் கொஞ்சமும் தணியவில்லை. தீர்த்தகிரி அந்தக் கடையில் கும்பிட்டதையும் அவள் சாகிறவரை சொல்லிக் காட்டினாள்.

பேகத்தோடும் அவள் சமாதானமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. பேரனுக்குச் சோறூட்ட ஒரு கிண்ணம் வாங்கப் போனபோது வார்த்தை முற்றி, ஒரு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவசரநிலை வந்த வருஷம், ஒரு மழைநாளில், காசியம்மாள் நனைந்துகொண்டே கடைக்குள் வந்து ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கி, "இது என்ன வெல?" என்றாள்.

பேகம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரெட்டிப்பு விலை சொன்னாள்.

காசியம்மாள் முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.