கிருஷ்ணவேணியின் ட்யூப் லைட்

விழுப்புரத்து போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் போட்டோவைத் திருத்தி மெருகேற்றும் டச்சிங் வேலை கற்று, திண்டிவனத்தில் தனியாகக் கடை போட்டவள் கிருஷ்ணவேணி. கறுப்பு வெள்ளைப் போட்டோவைக் கொடுத்தால் ஆயில் பெயின்டில் பெரிய படமாக வரைந்து உயிரோடு நிறுத்திவிடுவாள். கடைக்கு ஜன்னல் கிடையாது. எண்பத்து மூன்றில் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு ட்யூப் லைட் மாட்டினாள். அன்றிலிருந்து அம்மணிக்குத் தலைகால் புரியவில்லை. “பட்டப்பகல் மாதிரி இருக்குதுங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை. படம் வாங்கியவர்களும் கடைக்காரர்கள்தான், அவர்கள் கடையிலும் ட்யூப் லைட்தான். மூன்று வருஷம் குறை தெரியாமல் ஓடிவிட்டது.

அப்போதுதான் செஞ்சிப் பக்கத்திலிருந்து ராஜமதி என்ற ஜைனப் பெண்மணி வந்தாள். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகள் சாந்திமதியின் ஒரே போட்டோவை நீட்டினாள். நிறம் கேட்டதற்குத் தன் கையை நீட்டிக் காட்டினாள்.

“இதாம்மா அவ நிறம். வெளுப்பா போட்டுடாத. வர்ற மாசம் அவ போயி வருஷம் திரும்புது, படம் வூட்ல இருக்கணும்.”

வருஷம் திரும்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மறுபடி வந்தாள். படத்தைப் பார்த்ததும் உடைந்து அழுதாள். “வந்துட்டாளே!” கிருஷ்ணவேணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இருவருமாகப் படத்தைத் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள்.

வெளிச்சம் பட்டதும் ராஜமதியின் முகம் மாறியது. “இது யாரும்மா?”

செங்கல் சிவப்பில் வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கொண்டுபோனால் மகள், வெளியே வந்தால் அந்நியம். கிருஷ்ணவேணிக்கு அப்போதுதான் புரிந்தது. ட்யூப் லைட்டில் பெயின்டின் சிவப்பு அமுங்கிவிடும். கையின் நிறம் வருகிற வரைக்கும் அவள் சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

“எங்க மாட்டப் போறீங்க?” முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“வெயில் வுழற முத்தத்துக்கு எதிர்லம்மா. வூட்ல கரண்டு கெடையாது.”

படம் வைக்கும் ஸ்டாண்டைத் தெருவில் சுவர் நிழலில் போட்டாள். பக்கத்தில் ராஜமதியை உட்காரவைத்து, கையை நீட்டச் சொன்னாள். கூட்டம் கூடிவிட்டது. “வெளிச்சத்த மறைக்காதீங்க, நவுருங்க!” என்று சீறினாள். ராஜமதியின் ஊருக்கு ஐந்தரைக்குக் கடைசி பஸ். நெற்றி வந்தது. வலது கன்னம் வந்தது. இடது கன்னத்துக்கு வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. நீட்டிய கையே நிமிஷத்துக்கு ஒரு நிறம் காட்டியது. எதை நம்புவது?

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கண்ணீர் முட்டியது.

“இதுக்கு மேல தொட்டா மறுபடி வேற யாரோ ஆயிடுவாங்கக்கா. தப்பு என்னுதுதான். காலைல வெளிச்சம் வந்தாதான் முடிக்க முடியும். நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்.”

ராஜமதி பாதி மகளாகவும் பாதி அந்நியமாகவும் இருந்த அந்த முகத்தையே பார்த்தாள். ஊரில் விடிந்தால் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். பஸ் ஹாரன் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

“போவட்டும்மா. இவ இங்க இருக்கறப்ப நான் அங்க போயி யாரு மூஞ்சிய பாக்கறது?”